இலைமேல் நீந்தும் கருகல்

ஓசூர்ப் பக்கத்துத் தக்காளி விவசாயி ஒருவர் கேட்கிறார்: கார்பென்டசிம் இருமுறை தெளித்தும், மூடுபனி இறங்கிய ஒரே வாரத்தில் வயல் கருகியது ஏன், மருந்து போலியா? மருந்து நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது பூஞ்சாணத்துக்கான மருந்து, பின்பருவ இலைக்கருகலை உண்டாக்கும் பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ் பூஞ்சாணமே அன்று.

1845 முதல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும்பஞ்சத்துக்கு வித்திட்ட இவ்வுயிரி, பூஞ்சாணம் போல இழைவிட்டு வளர்ந்தாலும், பழுப்புக் கடற்பாசிகளின் உறவினம். பூஞ்சாணத்தின் செல்சுவரில் கைட்டின் உண்டு. இதன் சுவரிலோ செல்லுலோஸும் குளுக்கன்களும் நிறைந்துள்ளன. பூஞ்சாணத்தின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளை இது தயாரிப்பதில்லை என்பதால், அத்தயாரிப்பைத் தடுக்கும் டெபுகொனசோல் வகை மருந்துகளும் பயன்படா.

இது தாக்கும் விதம்தான் வியப்பானது. இலையின் அடிப்புறத்தில் வெண்மையாகப் பூக்கும் எலுமிச்சை வடிவ வித்துப்பைகள் காற்றில் பறந்து ஈர இலையில் விழுகின்றன. வெப்பம் இருபது பாகைக்கு மேல் இருந்தால் பை நேரடியாகவே முளைவிடும். பன்னிரண்டு பாகை அளவுக்குக் குளிர்ந்த நீர்ப்படலம் கிடைத்தாலோ, பையின் உள்ளிருப்பு பல துண்டுகளாகப் பிரிந்து, நுனித் துளை வழியே நீந்தும் வித்துகளாக வெளியேறுகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கசையிழைகள். மயிரடர்ந்த முன்னிழை நீரைப் பற்றி இழுக்க, வழுவழுப்பான பின்னிழை திசைதிருப்ப உதவுகிறது. அவ்வேளையில் அவற்றுக்குச் செல்சுவர் கிடையாது; நீர் வற்றினால் மடிந்துவிடும். நின்ற இடத்தில் கசையிழைகளை இழந்து உருண்டையாகி, சில நிமிடங்களில் சுவர் எழுப்பி, முளைக்குழாய் விட்டு இலைத்தோலைத் துளைக்கும். ஒரு பையிலிருந்து இவ்வாறு பல தாக்குதல்கள் பிறப்பதால்தான், குளிர்ந்த பனிநாள்களில் நோய் திடீரெனப் பெருகுகிறது.

ஆகவே, இலை ஈரமாக இருக்கும் நேரத்தைக் குறைப்பதே முதல் மருந்து: சொட்டுநீர், குச்சி நட்டுக் கயிறு கட்டுதல், போதிய இடைவெளி, அடி இலைகளைக் கிள்ளுதல். மான்கோசெப், தாமிர மருந்துகள் ஆகியவை இலையின் மேற்பரப்பிலேயே வித்துகளைக் கொல்வன. எனவே நோய் நுழையும் முன்பே தெளிக்கவேண்டும். இந்நோய்க்கான மெட்டலாக்சில் என்ற மருந்தை எதிர்க்கும் கிருமி வகைகள் தென்னிந்தியாவிலும் பரவிவிட்டன. மான்டிப்ரோபமிட் என்ற மருந்து செல்லுலோஸ் உருவாக்கத்தையே தடுப்பதால், கிருமி சுவர் எழுப்பி முளைவிடும் கட்டத்தைக் குறிவைக்கிறது. கிருமியின் சுவர் பூஞ்சாணச் சுவர் போன்றதன்று என்பதாலேயே இது பலிக்கிறது. அதையும் வேறுவகை மருந்துடன் மாற்றி மாற்றியே பயன்படுத்த வேண்டும்.

தெளிக்கும் நாளை இலையீரமும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. அவற்றை அளக்கும் கருவிகளை ஊர்தோறும் பொதுப்பணத்தில் நிறுவுவது, வீணாகும் தெளிப்புகளைவிடச் சிக்கனம் என்பது என் கருத்து. கேள்வி கேட்டவர் இப்போது செய்யவேண்டியது, கருகிய செடிகளை இலை காய்ந்திருக்கும் நேரத்தில் பிடுங்கிப் பையில் கட்டி வயலைவிட்டு அகற்றிப் புதைப்பது. வரப்பில் குவித்தால் அங்கிருந்தும் வித்துப்பைகள் பறக்கும்.