எண்மர்

சென்ற வாரம் ஐரோப்பிய நாட்டுப்பாடல்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சிக் குறிப்பு கைக்கு வந்தது. ‘ஸ்லோவேனியாவின் புகழ்பெற்ற எண்ம ஆண் குரல் குழுமம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த அண்ணன் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “சித்தப்பா, இது கம்ப்யூட்டர்ல செஞ்ச பாட்டா?” என்று கேட்டாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் மேல் தவறே இல்லை. ‘எண்மயமாக்கல்’ என்று படித்து வளர்ந்த பிள்ளைக்கு எண்ம என்றால் டிஜிட்டல். வேதியியல் வகுப்புக்குப் போனால் எண்ம விதி, அதாவது வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான். பாடும் மனிதர்கள் எட்டுப் பேர் என்பது மட்டும் அந்தச் சொல்லிலிருந்து அவளுக்குக் கிடைக்கவில்லை. இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பதும் இது முதல் முறையில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மூலச்சொல் ஒக்டெட். லத்தீனில் ‘ஒக்டோ’ என்றால் எட்டு. டூயட், குவார்டெட் என்ற வரிசையில் வால் ஒட்டிக்கொண்டது. எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கும் இதுதான் பெயர், அவர்களுக்காக எழுதிய இசைக்கும் இதுதான் பெயர். சொல்லின் பிறப்பு இவ்வளவே.

குறிப்பில் சொல்லப்பட்டவர்கள் ‘ஸ்லோவென்ஸ்கி ஒக்டெட்’. 1951இல் உருவான குழு. அப்போது ஸ்லோவேனியா யூகோஸ்லாவியாவின் ஆறு குடியரசுகளில் ஒன்று. மேல்குரலிலிருந்து அடிக்குரல் வரை முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிடோன், பாஸ் என நான்கு குரல், குரலுக்கு இருவர், ஆக எட்டு ஆடவர். பக்கவாத்தியம் கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் அந்த மண்ணில் பிறந்து பிராகில் 1591இல் இறந்த யாக்கோபுஸ் கல்லுஸின் திருச்சபை இசையையும் பாடினார்கள், ஊர்ப்புறப் பாட்டையும் பாடினார்கள். நாட்டுப்பாடல்களை ஆராய்ந்த வாலென்ஸ் வோதுஷெக் இக்குழுவின் கலை வழிகாட்டியாக இருந்திருக்கிறார் என்றால் அந்த ஊர்ப்புறப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

அது ஊர் இளவட்டங்களின் பாட்டு. மாலையில் ஊர் நடுவே கூடுவார்கள். ஒருவர் முதலில் தனியே எடுப்பார். அவரை ‘முன்னே பாடுகிறவர்’ என்பார்கள். இரண்டொரு சொல் போனதும் இன்னொருவர் அவர் குரலுக்கு மேலே ஏறிக்கொள்வார், மற்றவர்கள் கீழே பாஸ் பிடிப்பார்கள். இசைக்குறிப்புத் தாள் இல்லை, கைகாட்டி நடத்துபவர் இல்லை. பிறகு 1861இல் திரியெஸ்தே, மாரிபோர், லுப்லியானா நகரங்களில் படிப்பக மன்றங்கள் தோன்றின. ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்து ஆட்சியில் அலுவலும் மேல்படிப்பும் ஜெர்மனில் நடந்த காலம். தாய்மொழியில் நாலு பேர் நடுவே நின்று பாடுவதே ஓர் அறிவிப்பு. அந்த மன்றங்களில் ஆடவர் பாட்டுக்குழு இல்லாத விழா அரிது. 1872இல் லுப்லியானாவில் ‘கிளாஸ்பெனா மாத்திட்சா’ என்ற இசைச் சங்கம் எழுந்தது. எட்டுப் பேர் குழு இந்த நீண்ட வழக்கத்தின் பிள்ளை.

இப்போது நம் சொல்லுக்கு வருகிறேன். ‘எண்’ என்பதற்குத் தமிழில் எட்டு என்றும் பொருள், எண்ணிக்கை என்றும் பொருள். எண்குணத்தான், எண்திசை என்று பெயரோடு சேரும்போது எட்டு என்பது தெளிவாக நிற்கும். ‘எண்ம’ என்று தனியே அறுத்தால் எந்த எண் என்று தெரியாது. ஆளைக் குறிக்க வேண்டிய இடத்தில் இந்த அரைச்சொல் எதற்கு? இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர், எழுவர், எண்மர் என்று வரிசையே கையில் இருக்கிறதே! தேவாரம் பாடியவர்களை மூவர் என்கிறோம். பரதத்துக்கு அடவு வகுத்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்களை ஆங்கிலத்தில் குவார்டெட் என்கிறார்கள். தமிழில் தஞ்சை நால்வர். யாரும் ‘தஞ்சை நான்ம நடனக் குழுமம்’ என்று எழுதவில்லை. தஞ்சைக்கு நால்வர் பொருந்துமானால் ஸ்லோவேனியாவுக்கு எண்மர் பொருந்தாதா?

எண்மரில் ஆண் பெண் தெரியவில்லையே என்பார்கள். தேவையானால் ஆடவர் எண்மர் என்று எழுதலாம். பெண்கள் பாடினால் மகளிர் எண்மர். ‘ஆண் குரல்’ என்பது ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்தது. குழுமம் என்பதோ பத்து கம்பெனி வைத்திருக்கும் முதலாளியின் நிறுவனத் தொகுதிக்கு வழங்கும் சொல். இன்னொருவர் ‘குரல் பல்லியம்’ என்று எழுதியதையும் பார்த்தேன். பழஞ்சொல் என்பதால் சரியாகிவிடுமா? இயம் என்றால் வாத்தியம். பல்லியம் என்றால் பல வாத்தியங்கள். ஒரு வாத்தியமும் இல்லாமல் பாடுகிறவர்களுக்கு அந்தப் பெயரா? மிடற்றிசை என்ற அழகான சொல் இருக்கிறது, ஆனால் இன்றைய வாசகர் தடுக்குவார். வாய்ப்பாட்டு போதும்.

மொழிபெயர்ப்பவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டு எழுதினால் பாதிச் சிக்கல் தீரும். இவர்கள் ஆங்கிலக் குறிப்பை மட்டும் பார்க்கிறார்கள். ஸ்லோவேனியரின் ‘ஸ்போர்’ என்ற சொல்லையும் எண்மரையும் ஒரே ‘இசைக்குழு’வில் போட்டு அடைக்கிறார்கள். ஸ்போர் என்றால் திரள்வது, கூட்டம். நடத்துநர் முன்னே நிற்க முப்பது நாற்பது பேர் பாடுவது. அதற்கு நம்மிடம் வானொலி பழக்கிய சேர்ந்திசை இருக்கிறது. எண்மரில் குரலுக்கு இரண்டே பேர். ஒருவர் சுருதி விலகினால் மறைய இடமில்லை. இசைக்குழு என்றதும் நம் காதில் விழுவதோ கல்யாண மேடையின் கீபோர்டும் டிரம்ஸும்.

ஸ்லோவேனியர் தனிப்பாட்டுக்கு ‘சமோஸ்பெவ்’, இருவர் பாட்டுக்கு ‘த்வோஸ்பெவ்’ என்று சொந்தச் சொல் வைத்திருக்கிறார்கள். ‘ஸ்பெவ்’ என்றால் பாடல். இந்தக் குழுவின் பெயரிலோ ஒக்டெட் நின்றுவிட்டது. அவர்கள் மொழியில் ‘எட்டு இளைஞர்கள் பாடுகிறார்கள்’ என்பதற்கு வினை ஒருமையில் வரும். ஐந்திலிருந்து மேலே எண்ணினால் அவர்கள் இலக்கணம் அப்படி. தமிழில் எண்மர் பாடினர் என்றுதான் வரும். எட்டுப் பேரும் ஆட்களாகவே நிற்பார்கள்.

ஒரே இடத்தில்தான் எண்மர் போதாது. ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் பதினாறு வயதில், 1825இல், நரம்பிசைக் கருவிகளுக்காக எழுதியதும் ஒக்டெட்தான். அங்கே ஒக்டெட் என்பது இசையின் பெயர். அதற்கு ‘எண்மர் இசை’ என்று எழுதுகிறேன். பாட்டாக இருந்தால் எண்மர் பாட்டு.