பார்: பவளப்பாறைக்கு மீனவர் வைத்த பெயர்

கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கருவாட்டுக் கூடையில் செருகியிருந்த அட்டையில் ‘பாறைக் கருவாடு’ என்று எழுதியிருந்தது. “பாறைக்குள்ள இருக்கற மீனாப்பா?” என்று கேட்டாள் என் மகள். விற்றுக்கொண்டிருந்த அம்மாவுக்கு ராமேசுவரத்தை அடுத்த மண்டபம் பக்கம் ஊர். எடை போட்டுக்கொண்டே திருத்தினார்: “பாறை இல்ல பாப்பா, பாரை. அது மீன் பேரு. ஆனா நீ கேட்டதும் சரிதான், பாருலதான் மேயும்.” பார் என்றால் என்னவென்று நான் கேட்டேன். “உங்க புத்தகத்துல பவளப்பாறைன்னு போடுவாங்களே சார், அதைத்தான் நாங்க பாருன்னு சொல்லுவோம்.”

இத்தனை ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தும் எனக்குப் பார் என்றால் உலகம்தான். அகராதியில் அந்தப் பொருளுக்குப் பக்கத்திலேயே பாறை, வன்னிலம் என்ற பொருள்களும் இருக்கின்றன. கடலடி மணலுக்கு நடுவே இறுகி மேடிட்டு நிற்கும் தரைதான் மீனவரின் பார். அதில் பவளம் வளர்ந்திருக்கலாம், முத்துச்சிப்பி ஒட்டியிருக்கலாம். தூத்துக்குடிக் கடலின் முத்துப் படுகைகளுக்கெல்லாம் பார் என்றே பெயர். தோலாயிரம் பார் அவற்றில் பேர்போனது. முத்துக்குளிப்பை ஆராய வந்த ஆங்கிலேயர்களும் அந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கொண்டார்கள், நம் மலையின் ‘சோலை’யை ‘ஷோலா’ என்று எடுத்துக்கொண்டதைப் போல.

பாருக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘ரீஃப்’ வடகடல் மாலுமிகளின் சொல். அதன் மூலமான பழைய நார்ஸ் மொழிச் சொல்லுக்கு விலா எலும்பு என்று பொருள். கப்பலின் அடி தட்டும் இடம், விலகிப் போ என்பது அவர்கள் கணக்கு. பார் அப்படியல்ல, தேடிப் போகும் இடம். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் நேர்கோட்டில் வைத்து, அடியில் எந்தப் பார் இருக்கிறது என்று படகில் இருந்தபடியே சொல்லிவிடுவார்கள். பெயர் வைத்த இடத்தை யாரும் கண்ணை மூடிக்கொண்டு வாரி அழிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பவளத்துக்கு வருவோம். சங்க காலத்தில் அதற்குத் துகிர் என்று பெயர். பட்டினப்பாலை ‘குடமலைப் பிறந்த ஆரமும் அகிலும்’ என்று நம் மேற்கு மலைகளின் சரக்கைச் சொல்லிவிட்டு, அடுத்த அடியில் ‘தென்கடல் முத்தும் குணகடல் துகிரும்’ என்கிறது. துகிர் வழக்கொழிந்தது, வடமொழிப் பிரவாளத்தோடு உறவுள்ள பவளம் நின்றது. மணிப்பிரவாள நடை என்கிறோமே, அதில் இருப்பதும் இதே பவளம்தான். ஈழத்தில் முருகைக்கல் என்பார்கள். பழனிமலைக்காரர்களுக்கு உடனே முருகன் நினைவு வரும், ஆனால் ஒலி ஒற்றுமையை வைத்து வேர் கட்டிவிடக் கூடாது.

மாலையில் கோக்கும் செம்பவளம் வேறு, மன்னார் வளைகுடாவில் பார் கட்டும் பவளம் வேறு. பின்னது சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து எழுப்பும் வீடு. அவற்றின் உடலுக்குள் நுண்பாசி குடியிருந்து உணவு ஊட்டுகிறது. கடல் சூடேறினால் அந்தப் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளிறிவிடும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் இது நடந்தது.

அதனால்தான் பாறை, கல் என்ற சொற்கள் எனக்கு உறுத்துகின்றன. கல் என்று நினைத்துத்தான் வெட்டினார்கள். வீட்டுக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் வண்டி வண்டியாக ஏற்றினார்கள். 1986இல் 21 தீவுகளோடு அறிவிக்கப்பட்டது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அவற்றில் இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதற்குப் பவளம் வெட்டியது பெருங்காரணம். 2001இல்தான் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில்.

சட்டம் ஒரு பக்கம், கடலை நம்பி வாழ்பவர்களின் கட்டுப்பாடு இன்னொரு பக்கம். ராமேசுவரம் தீவுப் பக்கத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாதத்தில் தகடு கட்டிக்கொண்டு மூழ்குவார்கள். ஏப்ரல் 15இலிருந்து விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில், பாசி வளரட்டும் என்று தாங்களும் கடலில் இறங்குவதில்லை என்ற கட்டுப்பாட்டை அவர்களே வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு தீவுகளின் இயற்கையைக் காப்போருக்குத் தரும் சீக்காலஜி விருது 2015இல் கிடைத்தது இந்தப் பெண்களின் பாடுகளுக்காகத்தான்.

பாடநூலுக்கு ‘பவளப்பார்’ என்பதையே நான் சொல்வேன். ஒற்று மறந்து ‘பவளபார்’ என்று எழுத வேண்டாம். பவளம் இல்லாத கடலடி மேட்டுக்கு வெறும் ‘பார்’ போதும். பவளம் நிறமிழப்பதை ஆங்கிலத்தில் சொல்லும் ‘பிளீச்சிங்’ என்பதற்கு ‘வெளிறல்’. ‘வெளுத்தல்’ என்றால் துணி நினைவுதான் வரும். மீனுக்கு இடையின ரகரம்: பாரை.