லீவர் ரைஃபிள் எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறது?

விசைக்குக் கீழே இருக்கும் கைப்பிடியை (லீவர்) இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் துப்பாக்கிதான் லீவர் ரைஃபிள். புதிய ரைஃபிளின் லீவரைக் கீழே தள்ளினால், மணல் அரைபடுவது போன்ற நெருடல் கைக்குத் தெரியும். இயக்கம் முழுவதுமே இறுகிக் கிடப்பதாகத் தோன்றும். ஆனால் முரண்டு பிடிப்பவை பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்கள்தான். அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. தேய்ப்பது சிறிய வேலை.

ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 என்ற லீவர் ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். லீவர் இறங்கத் தொடங்கியதும், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் போல்ட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும் பூட்டுக்கட்டை கீழே வழுக்கி வழிவிடுகிறது. போல்ட் பின்னோக்கி ஓடி, காலி உறையை இழுத்து எறிகிறது. போகிற போக்கில், தோட்டாவை வெடிக்கவைக்கும் அடியைத் தரும் சுத்தியலைப் பின்னால் சாய்த்து அதன் ஸ்பிரிங்கை முறுக்கேற்றுகிறது. லீவரின் பயணம் முடியும் தறுவாயில் அடுத்த தோட்டா மேலே எழுகிறது.

இதில் சுத்தியல் சாயும் கட்டம்தான் கவனத்துக்குரியது. ஒரு பரப்பின் மீது அழுத்தம் கூடக்கூட உராய்வும் அதே விகிதத்தில் கூடும் என்று பிரான்சின் கியோம் அமோந்தோன் 1699-இல் எடுத்துரைத்தார். போல்ட்டின் அடிப்புறம் சுத்தியலின் மேல் உரசும்போது, ஸ்பிரிங்கின் முழு எதிர்ப்பும் அந்தச் சிறு இடத்தில் விழுகிறது. அங்கே வெட்டுக்கருவி விட்டுச்சென்ற வரிகளும் இருந்தால், அழுத்தமும் சொரசொரப்பும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன.

இதைச் சோதிப்பது எளிது. சுடும் அறையிலும், தோட்டாக்களை அடுக்கிவைக்கும் குழாயிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். சுத்தியல் இறங்கிய நிலையில் ஒருமுறையும், ஏற்கெனவே சாய்ந்திருக்கும் நிலையில் ஒருமுறையும் லீவரை இயக்குங்கள். இரண்டாவது முறை இறுக்கம் மறைந்தால், குற்றவாளி அந்த உரசல்தான். மறையாவிட்டால் வேறிடத்தில் தேட வேண்டும். பகுதிகளைக் கழற்றி, பழைய கிரீஸைக் கழுவி, உரசும் பரப்புகளில் மார்க்கர் மை பூசி, மறுபடி பூட்டிச் சிலமுறை இயக்கினால், மை அழிந்து பளபளக்கும் புள்ளிகளே விடை சொல்லும்.

உலோகப் பரப்பு எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்தது. இரண்டு பரப்புகள் சேரும்போது தொட்டுக்கொள்பவை மேடுகளின் உச்சிகள் மட்டுமே. நூற்றுக்கணக்கான முறை இயக்கும்போது அவை மழுங்குவதால்தான் பழகிய துப்பாக்கி இலகுவாக ஓடுகிறது. உதிரும் துகள் எண்ணெயுடன் கலந்து அரைக்கும் பசையாகிவிடும் என்பதால், இடையிடையே துடைத்துப் புது எண்ணெய் இடுவது அவசியம்.

காத்திருக்க மனமில்லாதவர்கள் பிசிறையும் உச்சிகளையும் மென்மையான எண்ணெய்க்கல்லால், நகரும் திசையிலேயே தேய்க்கலாம். கீறல்கள் அனைத்தையும் அழிக்க வேண்டியதில்லை. மீந்திருக்கும் பள்ளங்கள் எண்ணெயைத் தேக்கிவைக்கும். அளவுமீறித் தேய்த்தால், மேற்பரப்பை மட்டும் கடினப்படுத்திய பாகங்களில் அந்த மெல்லிய தோல் போய், உள்ளிருக்கும் மென்மையான எஃகு வெளிப்பட்டு விரைவில் தேயும்.

ஸ்பிரிங்கை மாற்றி இலகுவாக்குவது பலருக்குப் பிடித்த குறுக்குவழி. நான் அதைக் கடைசியில்தான் யோசிப்பேன், ஏனெனில் சுத்தியலின் அடி பலவீனமானால் தோட்டா வெடிக்காமல் போகலாம்.

இரண்டு இடங்களில் கல்லை வைக்கவே கூடாது. சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கி முனை தேய்ந்தால், விசையை (டிரிகர்) தொடாமலே துப்பாக்கி சுடக்கூடும். பூட்டுக்கட்டை போல்ட்டைத் தாங்கும் முகம் தேய்ந்தால், சுடும்போது தோட்டா உறைக்குப் பின்னால் இடைவெளி கூடி உறை கிழியலாம். அங்கே மை அழிந்திருந்தால், துப்பாக்கியைத் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.