காணி பூங்காவுக்குள் போய்விட்டது என்கிறார்களா? வர்த்தமானி இலக்கத்தைக் கேளுங்கள்

"உங்கள் காணி தேசிய பூங்காவுக்குள் போய்விட்டது." கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் வன்னி, மன்னார்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த ஒரு வரியோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. சொன்னவர் யார், எந்தச் சட்டத்தைக் காட்டிச் சொன்னார், எழுத்தில் தந்தாரா என்று கேட்டால் பதில் இல்லை. ஊரிலிருந்து யாரோ தொலைபேசியில் சொன்னார்களாம், எல்லைக்கல் நட்டிருக்கிறார்களாம். அதை நம்பிக் காணி உறுதியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைச்சர் வர்த்தமானியில் கட்டளை வெளியிட்டால்தான் ஓர் இடம் தேசிய பூங்கா ஆகும். யாலவும் வில்பத்துவும் 1938இல் அப்படித்தான் வந்தன. சுண்டிக்குளம், மடு வீதி, நெடுந்தீவு, ஆதாம் பாலம் ஆகிய பூங்காக்கள் 2015இல் வந்தன. பொறுப்பு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு. சுண்டிக்குளத்துக் கடனீரேரியும் அங்கு வந்திறங்கும் பூநாரைகளும் காக்கப்பட வேண்டியவை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பறவையைக் காப்பதாகச் சொல்லி ஒரு குடும்பத்துக்குப் பதில் கடிதம்கூடத் தராமல் அலைக்கழிப்பதை ஏற்க முடியாது.

பெரும்பாலோர் முதலில் விழும் குழி, பூங்காவையும் சரணாலயத்தையும் ஒன்றாக எண்ணுவது. தேசிய பூங்காவை அரச காணியில் மட்டுமே பிரகடனம் செய்யலாம். சரணாலயம் அப்படியல்ல, அதற்குள் தனியார் காணியும் வரலாம். ஆனால் சரணாலயம் என்ற பெயர் விழுந்ததால் உங்கள் உறுதி செல்லாக்காசு ஆகிவிடாது. கட்டுப்பாடுகள் வரும், உரிமை போகாது. சுண்டிக்குளம் 1938 முதல் சரணாலயமாக இருந்து பின்னர் பூங்காவானது. அதனால் அங்கே எந்த ஆண்டுக் கட்டளையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஓரடியும் எடுத்துவைக்காதீர்கள்.

அடுத்தது கையிலிருக்கும் பத்திரம். உறுதி (தனியார் உரிமைப் பத்திரம்), அளிப்பு (அரசு காணியை வழங்கிய பத்திரம்), அனுமதிப்பத்திரம் (அரச காணியைப் பயன்படுத்தத் தந்த அனுமதி) மூன்றையும் நம்மவர்கள் "உறுதி" என்றே சொல்லிவிடுகிறார்கள். அனுமதிப்பத்திரக் காணி சட்டப்படி இன்னும் அரச காணிதான். ஆகவே "தனியார் காணியைப் பூங்காவாக்க முடியாது" என்ற வாதத்தை அங்கே வைத்தால் முதல் நிமிடத்திலேயே தோற்றுப்போவீர்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தந்த அனுமதிப்பத்திரத்தை அறிவித்தல் அனுப்பி, விசாரணை நடத்தியே ரத்துச் செய்ய வேண்டும். "என் அனுமதிப்பத்திரம் ரத்துச் செய்யப்பட்டதா? ஆம் என்றால் எனக்கு அனுப்பிய அறிவித்தலின் பிரதியைத் தாருங்கள்" என்று பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள். பலருக்கு அப்படியோர் அறிவித்தல் வந்ததே இல்லை.

மூன்றாவதாக, தவறான வாசலில் நிற்பது. மன்னார் முசலிப் பக்கத்து மரிச்சுக்கட்டி, கரடிக்குளிக் காணிகளைப் பற்றிய செய்திகள் எல்லாம் "வில்பத்து" என்றே எழுதின. 2017இல் அங்கே வெளியான மாவில்லுக் காட்டு வர்த்தமானியோ வன வளத் திணைக்களத்தின் சட்டத்தின் கீழ் வந்தது. அது வேறு சட்டம், வேறு திணைக்களம். இரண்டின் தலைமையகங்களும் பத்தரமுல்லையிலேயே இருக்கின்றன. ஓர் அலுவலகத்தில் காலையில் வரிசையில் நின்று, "இது எங்களுடையது அல்ல" என்ற பதிலோடு மற்றதற்குப் போய், அங்கே "அதிகாரி களப் பணியில்" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுகிறார்கள் வயதானவர்கள். மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டிய உறுதியை ஓர் அம்மா பொலித்தீன் பையிலிருந்து எடுத்து நீட்டியபோது, எதிரே இருந்தவர் அதைப் பிரிக்கவேயில்லை. அடையாள அட்டையின் முகவரியைப் பார்த்து, "நீங்கள் கொழும்புதானே, அங்கே எதற்குக் காணி?" என்றார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: உறுதிக் காணியின் உரிமை நீங்கள் குடியிருக்கும் முகவரியைப் பொறுத்ததல்ல. அனுமதிப்பத்திரத்தில் பயிர்ச்செய்கை, குடியிருப்பு நிபந்தனைகள் இருக்கும். ஆகவே இடம்பெயர்ந்த காலத்து நிவாரண அட்டை, முகாம் பதிவு, கிராம அலுவலர் கடிதம் எதையும் எறிந்துவிடாதீர்கள்.

அலைவதை நிறுத்திவிட்டு எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கை அனுப்புங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. "ஏன் எடுத்தீர்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது, ஆவணத்தைக் கேளுங்கள்: வர்த்தமானியின் இலக்கமும் திகதியும், அட்டவணையில் உள்ள எல்லை விவரம், நில அளவை வரைபடத்தின் பிரதி, உங்கள் துண்டு அந்த எல்லைக்குள் வருகிறது என்று காட்டும் கோப்பு. கிராம அலுவலர் பிரிவையும் துண்டு இலக்கத்தையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. "சிங்களத்தில் எழுதி வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால் திரும்பி வராதீர்கள்.

தகவல் கேட்கும் இந்த உரிமை இலங்கைப் பிரஜைகளுக்கு மட்டுமே. காணி பெரியண்ணன் பெயரில் இருக்கிறது, அவர் கனடாப் பிரஜையாகி இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்துவிட்டார் என்றால், அவர் கையொப்பமிட்ட கோரிக்கை தள்ளுபடியாகும். கொழும்பிலிருக்கும் தங்கை தன் பெயரிலேயே கேட்கலாம், காணி அவருடையதாக இருக்க வேண்டியதில்லை. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களும் கேட்கலாம்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ, 14 நாட்களுக்குள் அதே திணைக்களத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவரும் கைவிரித்தால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். தபால் பற்றுச்சீட்டைக் கோரிக்கையின் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். திகதியை நிரூபிக்க உங்களிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான்.

பதில் வரும்வரை காணிக்குள் டோசர் இறக்காதீர்கள். பற்றையை வெட்டுவதும் தீ வைப்பதும் பூங்கா எல்லைக்குள் குற்றம். வழக்கு விழுந்தால் காணிப் பேச்சு அத்தோடு பின்னுக்குப் போய்விடும், வாகனமும் பறிபோகலாம். எல்லைக்கு வெளியேதானே என்றும் அவசரப்படாதீர்கள். தேசிய பூங்காவின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனசீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்து மூல முன் அனுமதி வேண்டும். வில்பத்துப் பக்கம் மலிவாக விடுதிக் காணி இருப்பதாகத் தரகர் சொன்னால், முற்பணம் கொடுக்கும் முன் அந்த ஒரு மைலை அளந்து பாருங்கள்.