தலை திரும்பாத பிள்ளை

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எனக்கு 34 வாரம். பிள்ளைக்கு இன்னும் தலை திரும்பலைன்னு ஸ்கேன்ல சொல்றாங்க. எழுந்து உட்காராம அப்படியே புரண்டு படுத்ததாலதான்னு அத்தை சொல்றாங்க. நிஜமா?"

இல்லை. எப்படிப் புரண்டாலும் பிள்ளை பனிக்குட நீருக்குள் மிதந்துகொண்டுதான் இருக்கும். கர்ப்பிணி மேல் பழி போடும் இந்தப் பேச்சை நம் வீடுகள் விட்டுவிட வேண்டும். 28 வாரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளை இப்படித்தான், தலை மேலே, இடுப்பு கீழே என்று இருக்கும். பிரசவ நேரத்தில் அது 100-க்கு 3, 4 ஆகிவிடும்.

மற்ற பிள்ளைகள் எப்படித் திரும்புகின்றன? கர்ப்பப்பை தலைகீழாகப் பிடித்த பேரிக்காய் மாதிரி. மேலே அகலம், கீழே குறுகல். பெரிய தலைக்கு மேல்பக்கம்தானே வசதி என்று தோன்றும். ஆனால் இடுப்பு, மடித்த தொடை, கால்கள் எல்லாம் சேர்ந்தால் தலையைவிட அதிக இடம் கேட்கும். பிள்ளை வளர வளர உள்ளே நெருக்கடி. குறுகலான அடியில் கால் உந்திக்கொண்டே இருக்கும், உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக நகரும். கால்கள் மேலே போய்ச் சேர்ந்ததும் உதைக்க இடம் கிடைக்கிறது. அப்புறம் பிள்ளை பெரும்பாலும் அங்கேயே நிலைத்துவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு! சில பிள்ளைகள் முழங்காலை மடக்காமல், பாதம் முகத்தருகே வரும்படி நீட்டிக்கொள்ளும். அப்போது உடம்பு வளையாது, உந்தவும் வழியில்லை. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தாலும், கர்ப்பப்பையில் கட்டி இருந்தாலும் தடைதான்.

36, 37 வாரத்திலும் திரும்பாவிட்டால், வயிற்றின் மேல் கைவைத்து மெல்ல அழுத்தித் திருப்பிப் பார்ப்பார்கள். கர்ப்பப்பை தளர ஊசி போட்டு, பிள்ளையின் இதயத்துடிப்பைக் கவனித்துக்கொண்டே செய்வது இது. சுமார் பாதிப் பேருக்குப் பலிக்கும். சிசேரியனுக்கு வசதியுள்ள ஆஸ்பத்திரியில் மட்டுமே செய்ய வேண்டும். எண்ணெய் தேய்த்துத் திருப்புகிறேன் என்று யாராவது வந்தால் வயிற்றைத் தொட விடாதீர்கள், நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்துவிடலாம்.

திரும்பாத பிள்ளைக்குத் திட்டமிட்ட சிசேரியனே பாதுகாப்பு என்று 2000-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பன்னாட்டு ஆய்வு வந்தது. அதன்பின் இத்தகைய பிள்ளையைச் சுகப்பிரசவத்தில் எடுக்கும் கைப்பழக்கம் உலகெங்கும் குறைந்தது. சிசேரியனுக்கு நேரமில்லாமல் பிள்ளை வந்துவிட்டால் அந்தக் கைதான் உயிர் காக்கும். அதைக் கற்றுத்தர அரசு பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

பொள்ளாச்சியோ பாலக்காடோ, எந்த ஆஸ்பத்திரி என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். பிள்ளைக்கு முன்னால் தொப்புள்கொடி நழுவி வரும் வாய்ப்பு இந்த நிலையில் அதிகம்.