என்ஜினை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்

மலிவு விலையில் இறக்குமதியாகும் மினி பைக், புதர் வெட்டும் பிரஷ் கட்டர், புல்வெட்டும் இயந்திரம் போன்றவற்றை வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது “என்ஜின் எப்படி?” என்றுதான். வாங்கிப் பழுதான பிறகு தூக்கிக்கொண்டு வருபவர்களும் முதலில் திட்டுவது என்ஜினைத்தான். இவற்றைக் கழற்றி மாட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த அட்டைப் பெட்டிக்குள் வரும் பொருள்களில் உருப்படியானது பெரும்பாலும் என்ஜின் ஒன்றுதான். ஆளைக் காயப்படுத்துவது அதைச் சுற்றி மாட்டியிருக்கும் மற்றவை.

இந்த என்ஜின்களை யாரும் புதிதாக வடிவமைக்கவில்லை. மினி பைக்குகளில் வரும் 110, 125 சிசி படுக்கை சிலிண்டர் என்ஜின்கள் 1958-ல் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப்பின் வம்சம். 2017-ல் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டிய வண்டி அது. அதன் குறைகளெல்லாம் எப்போதோ களையப்பட்டுவிட்டன. தண்ணீர் பம்பு, ஜெனரேட்டர், சிறு உழவு இயந்திரம் ஆகியவற்றில் வரும் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின்களில் பெரும்பகுதி, 1983-ல் அறிமுகமான ஹோண்டா ஜிஎக்ஸ் வரிசையைப் பார்த்துச் செய்தவை. நல்ல வடிவத்தை நகலெடுத்திருக்கிறார்கள். நகலெடுக்கச் செலவாகாத இடத்தில் குறை வைக்கவில்லை. செலவாகும் இடங்களில்தான் கை வைத்திருக்கிறார்கள்: உலோகத்தின் தரம், பொருத்திய பின் செய்ய வேண்டிய சோதனை, விற்ற பின் கொடுக்க வேண்டிய உதிரிபாகம்.

பெட்டியின் மேலும் பெட்ரோல் டேங்கின் மேலும் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாதீர்கள். ஒரே இயந்திரம் பத்துப் பெயர்களில் விற்கிறது. என்ஜினின் அடிப்பகுதியில், வார்ப்பிலேயே பொறித்த குறியீட்டைத் தேடிப் படியுங்கள். 168எஃப் என்றிருந்தால் ஒற்றை சிலிண்டர், 68 மில்லிமீட்டர் விட்டம். 152எஃப்எம்எச் என்றிருந்தால் ஒற்றை சிலிண்டர், விட்டம் ஏறத்தாழ 52 மில்லிமீட்டர். பிரஷ் கட்டர்களில் அதிகம் வரும் 1இ44எஃப் என்பது 44 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின். அதில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் வழக்கமாக 34 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 51.7 சிசி வரும். அதை 52 என்று எழுதுவதில் தவறில்லை. ஆனால் மேலே 62, 68 என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும் சிலவற்றைத் திறந்து வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால் உள்ளே அதே 44 மில்லிமீட்டர் சிலிண்டர்தான் இருக்கும். ஸ்டிக்கரில் பொய் சொல்லத் தயங்காதவர், கண்ணுக்குத் தெரியாத போல்ட்டில் நேர்மையாக இருப்பார் என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

போல்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. தரமான அறுகோணப் போல்ட்டின் தலையில் 8.8 போன்ற எண் பொறித்திருக்கும். அதில் முதல் எண்ணை நூறால் பெருக்கினால், சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுவையைத் தாங்கும் என்பது கிடைக்கும். மலிவு வண்டிகளில் பிரேக் காலிப்பரையும் ஃபுட்ரெஸ்ட்டையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலை பல நேரம் மொட்டையாகவே இருக்கிறது. ஸ்பேனரை வைத்துச் சற்று அழுத்தினாலே மரை வழன்றுவிடுகிறது. இறுகிய போல்ட்டும் முதல் சில மணி நேர அதிர்வில் தளர்ந்துவிடும், ஏனென்றால் மரைக்குப் பூச வேண்டிய லாக் திரவத்தைப் பூசியிருக்க மாட்டார்கள். அச்சு, பிரேக், ஹேண்டில்பார் ஆகிய மூன்று இடங்களிலாவது புதுப் போல்ட் மாற்றிவிட்டு ஓட்டுங்கள். இந்த மொத்த விஷயத்திலேயே குறைந்த செலவில் கிடைக்கும் பாதுகாப்பு அதுதான்.

வெல்டிங்கையும் பார்க்க வேண்டும். வண்டிச் சட்டத்தின் கழுத்துப் பகுதியிலும் பின் சக்கரத்தைத் தாங்கும் கையின் மூட்டிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். நன்றாக உருகிச் சேர்ந்த வெல்டிங் இரு பக்கக் குழாய்களோடும் இழைந்து நிற்கும். சேராதது, மேலே ஒட்டவைத்த புழுப்போலத் தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும். ஓரத்தில் பள்ளம் விழுந்திருக்கும். கனமான பெயிண்ட் இதை மறைக்கும், ஆனால் அதிக நாள் மறைக்காது. பெயிண்டில் மயிரிழைபோல ஒரு கோடும் அதன் ஓரத்தில் துருக்கறையும் தெரிந்தால் அது பெயிண்ட் விரிசல் என்று தேற்றிக்கொள்ளாதீர்கள். அப்படி வரும் வண்டிகளை நான் வேலைக்கு எடுப்பதில்லை. மேலே இன்னொரு வெல்டிங் போட்டுக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் கோபித்துக்கொண்டு போகிறார்கள், போகட்டும்.

இனி ஆக்ஸிலரேட்டர். சிறுவர்களுக்கான 49 சிசி மினி பைக்குகளில் நான் முதலில் சோதிப்பது இதைத்தான். என்ஜினை ஓடவிடாமலே கைப்பிடியை முழுதாகத் திருகி, சட்டென்று விடுங்கள். ‘டக்’ என்ற சத்தத்தோடு அது தானாகத் திரும்பி வர வேண்டும். ஹேண்டில்பாரை இடக்கோடிக்குத் திருப்பி ஒருமுறை, வலக்கோடிக்குத் திருப்பி ஒருமுறை இதையே செய்யுங்கள். நேராக இருக்கும்போது சரியாகத் திரும்பி வரும் கைப்பிடி, ஒரு பக்கம் வளைக்கும்போது பாதியில் நின்றுவிடுவதைப் பார்ப்பீர்கள். கேபிள் நீளம் போதாமல் இழுபடுவதோ, வெளி உறை மடிந்து பிடிப்பதோ காரணமாக இருக்கும். திருப்பத்தில் வேகத்தைக் குறைக்க நினைக்கும் குழந்தையின் வண்டி அப்படியே சீறிக்கொண்டு போவதற்கு இவ்வளவு போதும். கேபிளின் முனையில் ஈயம் வைத்துப் பிடித்த குமிழையும் பாருங்கள்; நூல்நூலாகப் பிரிந்திருந்தால் மாற்றுங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் கிளட்ச். மினி பைக்கிலும் பிரஷ் கட்டரிலும் இருப்பது ஒரே வகை: இரண்டு மூன்று கட்டைகள், அவற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கும் சிறு ஸ்பிரிங். என்ஜின் வேகமெடுத்தால் கட்டைகள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் என்ஜின் மெதுவாக ஓடும்போது, விட்டுவிட வேண்டும். ஸ்பிரிங் மட்டமாக இருந்தாலோ, அறுந்துவிட்டாலோ, சுலபமாக ஸ்டார்ட் ஆகட்டும் என்று விற்பவரே ஐடிலிங்கை ஏற்றிவைத்திருந்தாலோ கிளட்ச் விடாது. பைக்கானால் கைப்பிடியைத் தொடாமலே நகரும். பிரஷ் கட்டரானால் தரையில் வைத்த பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும். கார்புரேட்டர் திருகைச் சற்றுத் தளர்த்தியும் பிளேடு நிற்கவில்லையென்றால் அதை வைத்து வேலை செய்யாதீர்கள்.

பிரஷ் கட்டர் பிளேடைப் பற்றிப் பலருக்குச் சரியான அச்சம் இல்லை. 255 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 9,000 சுற்றுச் சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 430 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் பிய்ந்து பறக்கும் சின்னத் துண்டும் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு மறைப்பு மெல்லிய பிளாஸ்டிக்காக இருப்பதும், அது இடைஞ்சல் என்று வாங்கியவரே கழற்றி வீசுவதும் சேர்ந்துகொள்கின்றன. இவற்றைவிட மோசமானது, நைலான் நூலுக்குப் பதிலாக இரும்புச் சங்கிலித் துண்டுகளை மாட்டிய வெட்டுத்தலை. ஓர் உயிரிழப்புக்குப் பிறகு, 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் கையடக்கப் பிரஷ் கட்டர்களுக்கான இத்தகைய பல கண்ணிச் சங்கிலித் தலைகளின் விற்பனையைத் தடுக்க உறுப்பு நாடுகளுக்கு உத்தரவிட்டது. கண்ணி ஒன்று அறுந்தால் அது துப்பாக்கிக் குண்டுதான். ஆனாலும் இலவச இணைப்பாக இன்னும் இதைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள். வந்தால் பழைய இரும்புக்குப் போடுங்கள், யாருக்கும் தானமாகக்கூடக் கொடுக்காதீர்கள்.

தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டியில் பார்க்க வேண்டியது, கைப்பிடிக் கம்பியை விட்டதும் பிளேடு நிற்கிறதா என்பது. அமெரிக்காவில் 1982 முதல் நடப்பிலுள்ள விதிப்படி மூன்று நொடிக்குள் நிற்க வேண்டும். மலிவு இயந்திரத்தில் அந்தக் கம்பியே இல்லாமலும் இருக்கலாம். செயின் ரம்பமானால் முன் கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் செயின் பிரேக். அதைத் தள்ளினால் ‘கிளிக்’ என்று விழுந்து செயின் அசையாமல் இறுக வேண்டும். வெறும் பிளாஸ்டிக் மறைப்பைப் பிரேக் போலத் தோன்றும்படி மாட்டியிருக்கும் ரம்பங்களும் உண்டு, குறிப்பாக ஒற்றைக் கையில் பிடிக்கும் பேட்டரி ரம்பங்களில்.

“சிஇ முத்திரை இருக்கிறதே” என்பார்கள். ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் முத்திரை அது. பெரும்பாலான இயந்திர வகைகளுக்கு அந்த முத்திரையைத் தயாரிப்பாளரே தன் பொறுப்பில் போட்டுக்கொள்ளலாம்; வெளியார் யாரும் சோதித்திருக்க வேண்டியதில்லை. எழுத்துகள் நெருக்கமாக இருந்தால் அது வேறொரு நாட்டு ஏற்றுமதி முத்திரை என்று ஒரு கதை பரவுகிறது. அப்படியொரு முத்திரை கிடையாது. முத்திரையின் அளவை ஆராய்வதை விட்டு, அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தயாரிப்பாளரின் பெயர், முழு முகவரி, மாடல், தயாரித்த ஆண்டு ஆகியவை ஐரோப்பிய இயந்திர விதிப்படி இருந்தாக வேண்டும். முகவரி இல்லாத முத்திரை வெறும் அலங்காரம்.

ஒரு விஷயத்தை என்னைப் போன்ற மெக்கானிக்குகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பாகங்களின் இணைப்பில் கசியாமலிருக்க வைக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போதும் பிரேக் டிரம்மைத் திறக்கும்போதும் காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள். மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸின் இறக்குமதியை 2003 இறுதியிலேயே முற்றாகத் தடை செய்த ஆஸ்திரேலியாவில், 2012-ல் இறக்குமதிக் கார்களின் கேஸ்கெட்டுகளில் அது இருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. கார்களிலேயே நுழைந்தது, பெயர் தெரியாத மினி பைக்கில் இருக்காது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? தண்ணீர் தெளித்து நனைத்துத் துடைத்தெடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டிலேயே செத்துப்போகும் என்ஜின்களும் வருகின்றன. அவை பெரும்பாலும் தயாரிப்புக் குறை அல்ல. நான்கு ஸ்ட்ரோக் இயந்திரங்களை ஆயில் ஊற்றாமல்தான் அனுப்புவார்கள். அதைச் சொல்லும் சிறு சீட்டு பெட்டியோடு குப்பைக்குப் போய்விடும். இந்த என்ஜின்களில் பலவற்றில் ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியிலிருக்கும் சிறு கரண்டி ஆயிலை வாரி இறைப்பதுதான் ஏற்பாடு. ஆயில் இல்லையென்றால் சில நிமிடங்களில் அலுமினிய ராட் கிராங்கைப் பிடித்துக்கொள்ளும். ஊற்றிய முதல் ஆயிலையும் முதல் சில மணி நேரத்திலேயே வடித்துவிடுங்கள். வடித்ததை வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளிப் பொடி தூவியதுபோல் மின்னும். தொழிற்சாலையில் கழுவாமல் விட்ட உலோகத் துகளும் அதில் இருக்கும். இரண்டு ஸ்ட்ரோக்கில் கலவை விகிதத்தைக் கையேட்டில் பார்த்து அளந்து ஊற்றுங்கள். 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. கையேட்டின் மொழிபெயர்ப்பு படிக்கச் சகிக்காது. இந்த எண்களை மட்டும் தேடி எடுத்தால் போதும்.

சாலையில் ஓட்டலாம் என்று சொல்லி விற்றால் எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்ட சேஸிஸ் எண்ணைக் கேளுங்கள். ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் வரக் கூடாது. வண்டியின் சேஸிஸில் பொறித்ததும் தாளில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டிக்கரில் மட்டும் எண் இருக்கும் வண்டி, பதிவு அலுவலகத்தின் வாசலிலிருந்து அப்படியே திரும்பி வரும். பதிவும் காப்பீடும் இல்லாமல் சாலையில் ஏற்றி விபத்தானால் வண்டியின் விலை ஒரு பொருட்டாகவே இருக்காது.

உதிரிபாகத்தைப் பொறுத்தவரை, பணம் கொடுப்பதற்கு முன்பே கார்புரேட்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் அமைப்பு, கிளட்ச் டிரம் ஆகிய மூன்றும் தனியாகக் கிடைக்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அதே பணத்துக்கு, கடையும் உதிரியும் உள்ள நிறுவனத்தின் நல்ல பழைய இயந்திரத்தைத் தேடுங்கள். என் கூலியே இயந்திரத்தின் விலையைத் தாண்டிவிடும் வேலைகள் எனக்கே பிடிப்பதில்லை.

எல்லாம் யோசித்தும் வாங்கிவிட்டீர்களென்றால், மேலே சொன்ன சோதனைகளில் என்ஜின் ஓடாமலே செய்யக்கூடியவை அனைத்தையும் பெட்டியைப் பிரித்த அன்றே முடித்துவிடுங்கள்: போல்ட், வெல்டிங், கேபிள், குறியீடு, முகவரி. குறை தெரிந்தால் படமெடுத்து விற்பவருக்கு அனுப்பித் திருப்பிக் கொடுங்கள். பெட்ரோல் ஒருமுறை ஊற்றிவிட்டால் டேங்கை எவ்வளவு வடித்தாலும் வாடை போகாது. தீப்பற்றும் சரக்கு என்று சொல்லிக் கூரியர்காரர் தொட மாட்டார். விற்றவருக்கும் அது நன்றாகத் தெரியும். “முதலில் ஸ்டார்ட் செய்து பாருங்கள், பிறகு பேசலாம்” என்று அவர் சொன்னால், பெட்ரோல் கேனை எடுக்காதீர்கள்.