புருஷன் கடலில் இருந்தால் கையெழுத்து யார் போடுவது?

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த காசிமேட்டுப் பெண், கர்ப்பத்தின் 18ஆவது வாரம். பனிக்குடம் உடைந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது, குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. முதலில் போன நர்சிங் ஹோமில் ஸ்கேன் பார்த்துவிட்டு, "துடிப்பு இருக்கும்மா, இப்ப எடுத்தா அபார்ஷன் கேஸ் ஆயிடும், வீட்டுக்காரர் வந்து கையெழுத்து போடட்டும்" என்று அனுப்பிவிட்டார்களாம். வீட்டுக்காரர் விசைப்படகில் ஆழ்கடலில். கரை சேர இன்னும் நாலு நாள்.

1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தில் துடிப்பு என்ற சொல்லே கிடையாது. 20 வாரம் வரை, பெண்ணின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடும் பாதிப்பு வரும் என்று தகுதியுள்ள ஒரு டாக்டர் கருதினால் போதும். 2021 திருத்தத்துக்குப் பிறகு, சில பிரிவுப் பெண்களுக்கு இரண்டு டாக்டர்களின் கருத்தோடு 24 வாரம் வரை. உயிரே போகும் நிலை என்றால் 5ஆவது பிரிவு இருக்கிறது, அதில் வாரக் கணக்கும் இல்லை, இரண்டாவது கருத்துக்கும் காத்திருக்க வேண்டாம். சரி, புருஷன் கையெழுத்து? 18 வயது நிரம்பி, மனநோய் இல்லாத பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டுமே சட்டம் கேட்பது. மாமியார் கையெழுத்தும் வேண்டாம், அதையும் வாங்கி வைக்கிற இடங்கள் உண்டு!

2012இல் அயர்லாந்தில் சவிதா ஹலப்பனவர் 17 வாரத்தில் இறந்தது இதே நிலையில்தான். கர்நாடகத்திலிருந்து போன பல் டாக்டர். கரு பிழைக்காது என்று தெரிந்தும் துடிப்பு இருந்ததால் தள்ளிப்போட்டார்கள், நோய்த்தொற்று ரத்தத்தில் பரவிவிட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் எடுக்கலாம், உடல்நலத்துக்கு மட்டும் ஆபத்து என்றால் கூடாது என்று அங்கே அன்று இருந்த சட்டம் கோடு போட்டிருந்தது. காய்ச்சல் எந்த டிகிரியில் அந்தக் கோட்டைத் தாண்டும் என்று கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு யார் சொல்வது? 2018இல் வாக்கெடுப்பு நடத்தி மாற்றினார்கள். நம் சட்டத்தில் 20 வாரம் வரை அந்தக் கோடே இல்லை. ஆனாலும் அபார்ஷன் என்ற சொல்லைக் கேட்டதும் போலீஸ், கோர்ட் என்று பயந்து, சட்டம் கேட்காத கையெழுத்துக்காக நாமே காத்திருக்கிறோம்.

அந்தப் பெண் தானே கையெழுத்து போட்டாள், அன்று ராத்திரியே முடித்தோம், பிழைத்தாள். ஐந்தாம் நாள் புருஷன் டிஸ்சார்ஜ் தாளோடு வந்து, "அபார்ஷன்னு போட்டிருக்கு, என் பொண்டாட்டி என்ன தப்பு பண்ணா?" என்று சத்தம் போட்டார். எங்கள் டாக்டர் பாஷையில் தானாகக் கலைந்தாலும் அபார்ஷன்தான், அது அவருக்கு எப்படித் தெரியும்? அப்புறமிருந்து அந்த வார்த்தைக்குப் பக்கத்திலேயே, பனிக்குடம் உடைந்து நோய்த்தொற்று, தாயைக் காப்பாற்ற எடுத்தது என்று தமிழில் பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்.